மாணவர் கிளைக்கு ஆள் சேர்த்தல்

(கள்ளக்குறிச்சியில் நடைபெற்ற நம் மாணவர் கிளையின் ஆண்டுக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



இக்கூட்டத்திற் பேசவேண்டுமென்று காரியதரிசி அவர்கள் என்னைப் பணித்தபோது, "இலக்கியம் வேண்டா, நம் மாணவர் கிளைக்கு ஆண்டுதோறும் அங்கத்தினர் குறைந்து வருகின்றனர், அதற்கு வழி சொல்லும்" என்று கண்டிப்பாகக் கூறிவிட்டனர். யான் இருபதாண்டுகளாகப் பள்ளியிற் சந்தி விதி கற்பித்து வருபவன். நிலைமொழியும் வருமொழியும் எவ்வாறு சேரும் என்று வினவினால் ஒருவாறு விடை கூறிவிடுவேன். மாணாக்கனும் சங்கமும் எவ்வாறு சேர்வர் என்பதற்கு நன்னூலில் விதி காணப்படவில்லை. ஆகவே நூலை மூடிவைத்துவிட்டு, யான் கண்டதையும் கேட்டதையும் கொண்டே பேச முற்படுகின்றேன். இடையிடையே சிலருக்குக் கசப்பாகவும் இருக்கலாம், பொறுத்தருளுக.

முதற்கண் ஒரு சொல்லைப் பற்றி மட்டும் கூற அனுமதி வேண்டும். பண்டிதனுக்குப் பழக்கம் விடாது. கழகம் என்னும் சொல் இக்காலத்திற் புலவர் அவையையும் பல்கலைக்கழகத்தையும் குறித்து மேன்மையுற்று விளங்குகின்றது. திருக்குறளிலோ சூது என்னும் அதிகாரத்தில் அச்சொல் சூதாடும் களத்திற்குப் பெயராக வந்துள்ளது. கூடும் இடம் என்பதே அதன் அடிப்பொருள் போலும். கூடியவர் கவறு உருட்டினால் அது சூதர் கழகம். ஏடு விரித்தால் அது கற்றோர் கழகம். இரண்டற்கும் பெயர்ப்பலகை ஒன்றே.

நிற்க. கல்லூரி மாணவர் தமக்குள் உடன்பிறந்தார் போல ஒன்றுகூடி வாழும் சகோதர சங்கங்கள் அமெரிக்க நாட்டிற் பெருவழக்காக உள்ளன என்பதை நம் மாணவர் பலர் திரைப்படங்களிற் கண்டிருப்பர். அவற்றுள் மிகப் பழையது 1776-ஆம் ஆண்டு டிசம்பர் 5-ஆம் நாள் வர்ஜீனியாவிலுள்ள வில்லியம் அண்டு மேரி கல்லூரியில் தோன்றியது. அவ்வாண்டே அந்நாடு தன் சுதந்தரப் பிரகடனத்தையும் வெளியிட்டது. பை பீட்டா காப்பா என்று மூன்று கிரேக்க எழுத்துக்களையே அச்சங்கத்திற்குப் பெயராக வைத்தனர். இரகசிய உறுதிமொழி, தனியான கைகுலுக்கல், பதக்கம் ஆகிய யாவும் அதற்கு உண்டு. நாளடைவில் இரகசியம் நீங்கி, கல்வியிற் சிறந்தோர்க்கு அளிக்கும் மதிப்பாக அது மாறிவிட்டது. அதனைப் பார்த்துப் பின்வந்தவையோ பலவாறு பிரிந்தன. செல்வர் வீட்டுப் பிள்ளைகள் தனி மாளிகை கட்டிக்கொண்டு விருந்தயர்வதற்கென அமைந்தவையும் அவற்றுள் உண்டு.

நமக்கு வேண்டியவை இரண்டே. ஒன்று 1906-இல் நியூயார்க் மாநிலத்துக் கார்னெல் பல்கலைக்கழகத்திற் கறுப்பின மாணவர் எழுவர் கூடி அமைத்த ஆல்பா பை ஆல்பா. வெள்ளையர் சங்கங்கள் அவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. பல்கலைக்கழகத்திலும் அவர்கள் தொகை மிகச் சிறிது. படிப்பை இடைநிறுத்திச் சென்றோரும் உண்டு. ஆகவே ஒருவர்க்கொருவர் துணையாய்ப் படித்தற்கென முதலிற் சேர்ந்து, பின்னர் அதனையே சகோதர சங்கமாக ஆக்கிக்கொண்டனர். 1920களில் அச்சங்கத்தார் ஊர்தோறும் சென்று, தம் இனத்துச் சிறுவரை உயர்நிலைப் பள்ளிக்கும் கல்லூரிக்கும் செல்லுமாறு தூண்டும் இயக்கம் ஒன்றை நடத்தினர். பின்னாளில் மார்ட்டின் லூதர் கிங் அச்சங்கத்தின் அங்கத்தினராயிருந்தார் என்பது பலரும் அறிந்தது. மற்றொன்று 1925-இற் பென்சில்வேனியாவிலுள்ள லபாயெட் கல்லூரியில் பிராங்க் ரீட் ஹார்ட்டன் என்னும் மாணவர் தொடங்கிய ஆல்பா பை ஒமேகா. முதல் உலகப் போரிற் கடற்படையிற் பணிபுரிந்து மீண்டு, கல்லூரியிற் புகுந்தவர் அவர். சாரணர் இயக்கத்தின் கொள்கையைக் கல்லூரிக்குக் கொண்டுவந்து, பொதுத் தொண்டு ஒன்றையே நோக்கமாக வைத்தார்.

இவ்விரண்டையும் யான் எடுத்தோதுவதற்குக் காரணம் உண்டு. முன்னது ஒரு குலத்தார் தமக்காகவே கூடியது. கூடியதன் காரணம் பிறர் கதவை அடைத்தமை. பின்னது எவரும் சேர்தற்குரியது. சேர்ந்ததன் காரணம் செய்யவேண்டிய வேலை. நம்முடையது இவற்றுள் எவ்வகையது என்று என்னை நானே வினவிக்கொண்டேன். நம் பிள்ளைகளுக்கு எந்தக் கதவும் இக்காலத்தில் அடைபட்டதாக யான் அறியேன். வேலையோ நாம் எதனையும் அவர்களுக்குக் கொடுக்கவில்லை.

அந்நாட்டுச் சங்கங்களின் குற்றங்களையும் மறைத்தல் கூடாது. புதிதாய்ச் சேர்வோரை மூத்தோர் இழிவுறுத்தியும் மிகுதியாக மது அருந்துவித்தும் 'பரீட்சை' செய்யும் கொடுமை அங்கே நெடுங்காலமாக உண்டு. 2017-இற் பென்சில்வேனிய மாநிலப் பல்கலைக்கழகத்திற் சேர்க்கை நாளன்று இவ்வாறு அருந்துவிக்கப்பெற்ற மாணவர் ஒருவர் படியினின்று வீழ்ந்து உயிர்நீத்தார். உடனிருந்த 'சகோதரர்கள்' மணிக்கணக்காக மருத்துவரை அழைத்திலர். நாமும் நகைத்தற்கு உரியோம் அல்லேம். நம் மாநிலத்தில் 1996-இல் மருத்துவ மாணவர் ஒருவர் மூத்த மாணவரால் கொலையுண்ட பின்னரே 1997-இற் பகடிவதைத் தடைச் சட்டம் வந்தது.

இனி நம்மவர் வரலாற்றுக்கு வருவோம். கிரேக்க எழுத்தில்லாமலே நாமும் சகோதர சங்கம் நடத்தியிருக்கின்றோம். அதற்கு மாணவர் விடுதி என்று பெயர். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒவ்வொரு சமூகத்தாரும் சங்கம் அமைத்து, பிடி அரிசி பிடித்தும் மகமை வசூலித்தும் தம் பிள்ளைகள் தங்கிப் படிக்க விடுதி கட்டினர். 1910-இற் பொறையாற்றில் தோன்றிய நாடார் மகாஜன சங்கம் கல்விக்குக் கடனுதவி செய்து, திருப்பிச் செலுத்திய பணத்தால் அடுத்த மாணவனைப் படிக்கவைத்தது. சிதம்பரத்திற் சுவாமி சகஜானந்தர் 1916-இல் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கி, ஒடுக்கப்பட்ட குடிகளின் சிறுவர்க்குப் பள்ளியும் விடுதியும் நிறுவினார். யானும் அத்தகைய ஒரு சமூக விடுதியின் சோற்றை உண்டு வித்துவான் பட்டம் பெற்றவன். மாதம் ஒருமுறை எவரேனும் ஒரு மளிகைக் கடைக்காரர் விடுதிக்குப் பருப்பு மூட்டை அனுப்புவார். அன்று மட்டும் சாம்பார் கெட்டியாயிருக்கும். அவர் முகத்தை யான் கண்டதில்லை.

விடுதியில் உண்பது எளிது, உடனுண்பது எளிதன்று. வ. வே. சு. ஐயர் 1922-இற் சேரன்மாதேவியில் நிறுவிய குருகுலத்தில், பிராமணச் சிறுவர் இருவர்க்கு மட்டும் தனியே உணவளிக்க இசைந்தமையால் எழுந்த பூசல் தமிழ்நாடு முழுதையும் பற்றி எரிந்தது. அறிஞராலும் தேசபக்தராலும் அமைந்த நிலையம் இரண்டு இலைகளாற் சிதைந்தது. அதே காலத்தில் யாழ்ப்பாணத்தில் நிகழ்ந்தது வேறு. 1924-இல் ஹண்டி பேரின்பநாயகம் முதலிய இளைஞர் கூடி மாணவர் காங்கிரஸ் அமைத்தனர். பின்னர் அதுவே வாலிபர் காங்கிரஸ் ஆயிற்று. சாதி பேணும் பழக்கத்திற் பெயர்பெற்ற அந்நாட்டில், தீண்டாமையை ஒழிப்பதைத் தம் நோக்கங்களுள் ஒன்றாக வெளிப்படக் கூறி, எல்லாரும் ஒரே பந்தியில் அமர்ந்துண்டனர். பெரியோர் பலர் முகஞ்சுளித்தனர். 1927-இற் காந்தியடிகள் அவர்தம் அழைப்பிற் கிணங்கி யாழ்ப்பாணம் சென்றார். பொருளும் பதவியும் இல்லாத மாணாக்கரும் இளம் ஆசிரியரும் சேர்ந்து செய்த காரியம் அது.

இனிக் கூறப்போவதைக் கூறாமல் மேடையை விட்டு இறங்கிவிடலாமா என்று இருமுறை எண்ணினேன். சில ஆண்டுகளுக்கு முன்னர், யான் வகுப்பெடுத்துக்கொண்டிருந்தபோது, ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் கையில் இரு நிறக் கயிறு ஒன்று கண்டேன். "ஏதப்பா இது?" என்றேன். "அண்ணன் காலேஜுல நம்ம சங்கத்துல சேர்ந்தப்போ குடுத்தாங்க ஐயா. எனக்கும் ஒண்ணு குடுத்தான்" என்றான். அவன் கண்களிற் பெருமிதம் ஒளிர்ந்தது. மறுவாரத்தில் அவ்வகுப்பிற் பத்துப் பன்னிரண்டு கைகளில் அக்கயிறு ஏறிற்று. அதற்கடுத்த வாரத்தில் வேறு நிறக் கயிறுகள் எதிர் வரிசையில் தோன்றின. ஒரே பெஞ்சில் இருந்தவர் இரண்டு பெஞ்சாகப் பிரிந்தனர். வீட்டிற்குச் சென்று நம் சங்கத்தின் வரவு செலவுக் கணக்கைப் புரட்டினேன். பல்வகைச் செலவு என்னும் தலைப்பின்கீழ் 'கைக்கயிறு' என்றொரு வரி இருந்தது. அதன் கீழே தணிக்கையாளர் என்ற முறையில் யான் இட்ட கையொப்பமும் இருந்தது.

அங்கத்தினரைச் சேர்த்தற்கு நாம் கண்ட வழி அதுதான், அன்பர்காள்! 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் உடன்படித்த மாணவர் சிலரே ஒரு பட்டியலினச் சிறுவனை வீடு புகுந்து அரிவாளால் வெட்டினர். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினர். அதன்பின் அரசு அமைத்த ஒருநபர் குழுவின் அறிக்கையை ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு அவர்கள் 2024 ஜூன் 18-ஆம் நாள் முதலமைச்சரிடம் அளித்தார்கள். பள்ளிப் பெயர்களிலுள்ள சாதிப் பெயர்களை நீக்குதல், சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளை மாணவர் அணியாது தடுத்தல் முதலிய பல பரிந்துரைகள் அதில் உள்ளன. இதனை நம் சங்கத்தின்மேல் வீசிய கல்லாகக் கருதிச் சிலர் சினந்து பேசியதைக் கேட்டேன். சினக்குமுன் நம் கணக்குப் புத்தகத்தைப் பார்க்குமாறு அவர்களை வேண்டிக்கொள்கின்றேன். பக்கம் எண் என்னிடம் உண்டு.

அறிக்கை வந்த அதே வாரத்திலேதான் இவ்வூர்க் கருணாபுரத்தில் அப்பெருந்துயர் நிகழ்ந்தது. மெத்தனால் கலந்த சாராயத்தை அருந்தி அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அரசு மருத்துவமனை வாயிலில் அந்நாட்களில் எழுந்த ஓலத்தை இங்குள்ளோர் எவரும் மறந்திருக்க இயலாது. அவ்வாரம் கூடிய நம் செயற்குழுவில் மாணவர் சிலர், "மருத்துவமனைக்கு வெளியே காத்துக்கிடப்போர்க்கு உணவாவது கொண்டு செல்வோம், சங்கத்திலிருந்து ஒரு சிறு தொகை கொடுங்கள்" என்று கேட்டனர். மதிப்பிற்குரிய பெரியவர் ஒருவர், "அந்தத் தெருவில் நமக்கு யார் இருக்கிறார்கள்?" என்று வினவினார். அவர் கொடியவர் அல்லர். தம் கைப்பொருளால் பல பிள்ளைகளைப் படிக்கவைத்தவர். அவ்வினாவுக்கு எவரும் விடை கூறவில்லை, யானும் கூறவில்லை. அடுத்த பொருள் எடுத்துக்கொள்ளப்பட்டது. அது ஆண்டுவிழாப் பந்தலைப் பற்றியது.

மூன்று மாணவர் மட்டும் தம் கைச்செலவில் இட்லிப் பொட்டலங்களுடன் சென்றனர். அங்கே காத்திருந்தோர் வாயில் ஒரே பேச்சு: "எல்லாம் மலையிலிருந்து வருகிற சரக்கு, மலைக்காரனால் வந்த வினை." அது பிழையான பேச்சு. கல்வராயன் மலையில் வெல்லத்தை ஊறவைத்துக் காய்ச்சும் கள்ளச் சாராயம் நெடுங்காலமாக உண்டென்பது மெய்யே. கருணாபுரத்தில் உயிரைக் குடித்ததோ தொழிற்சாலைப் பயன்பாட்டிற்குரிய மெத்தனால் என்னும் நஞ்சு. அது மலையில் விளைவதும் அன்று, காய்ச்சுவதும் அன்று. மேலும், கரும்பு விளைவது நம் வயலில். வெல்லம் விற்பது நம் மண்டியில். ஊறல் பானைக்கு மூட்டை மூட்டையாக வெல்லம் மலையேறுங்காற் பட்டியல் எழுதுபவர் எவர் என்பதை இச்சபையில் யான் கேட்கப்போவதில்லை. கேட்கவேண்டிய இடம் அவரவர் வீட்டுத் திண்ணை.

அம்மூவரும் என்னிடம் வந்து, "ஐயா, அந்த மலையை ஒருமுறை பார்க்கவேண்டும்" என்றனர். ஐம்பது வயதை எட்டப்போகும் யானும் அன்றுவரை கோமுகி அணைக்கு அப்பால் சென்றதில்லை. நாள்தோறும் பள்ளி மாடியிலிருந்து நோக்கி, மாணாக்கர்க்குக் குறிஞ்சித்திணை விளக்கும்போது கைநீட்டிக் காட்டுவேன், அவ்வளவே.

கச்சிராயபாளையம் கடந்து, வளைந்து வளைந்து ஏறும் வழியிற் பேருந்து செல்கின்றது. வெள்ளிமலை அங்கே தலைமையிடம். கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகிய கல்வராயன், சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் என இரு கூறாய்ச் சேலம் மாவட்டத்துக் கருமந்துறைப் பக்கமும் பரந்துள்ளது. சாமை, மரவள்ளி, கடுக்காய், புளி, தேன் ஆகியன அம்மலையின் விளைபொருள். மரவள்ளிக் கிழங்கு ஆத்தூர், சேலம் பக்கத்துச் சவ்வரிசி ஆலைகளுக்குப் போகின்றது. அங்கு வாழ்வோர் மலையாளிகள் என்னும் பழங்குடியினர். மலையாள நாட்டார் என மயங்கற்க. மலையில் வாழ்வோர் என்பதே அப்பெயரின் பொருள். அவர்கள் பேசுவது தமிழ். காஞ்சிபுரத்தினின்று புறப்பட்டுவந்த சகோதரர் மூவரின் வழித்தோன்றல்கள் தாம் என்பதும், அம்மூவரும் ஆளுக்கொரு மலையிற் குடியேறினர் என்பதும் அவர்தம் வழிவழிக் கதை. 1909-இல் வெளிவந்த தர்ஸ்டனின் நூலும் அதனைக் குறிக்கின்றது. சகோதர சங்கத்தைப் பற்றிப் பேசவந்த எனக்கு அக்கதை தித்தித்தது.

அவர்கள் பட்ட பாடோ தித்திப்பன்று. சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்னும் ஜாகீர்தாரர் வழியினர் அம்மலையை மூன்று பங்காக வைத்து ஆண்டனர். குடிகள் அவர்களுக்கு வரியும் கூலியில்லா உழைப்பும் அளித்தனர். தேசம் சுதந்தரம் பெற்று ஏறக்குறைய முப்பதாண்டு கழிந்து 1976-இலேதான் அரசு அம்மலையை நேரே தன் நிர்வாகத்தில் ஏற்றுக்கொண்டது. 2024 ஜூலையிற் சென்னை உயர் நீதிமன்றம் தானே முன்வந்து, அம்மக்களின் வாழ்க்கை நிலையைப் பற்றி வழக்கு எடுத்து அரசை வினவியது. நீதிமன்றம் சென்னையிலிருந்து கண்டதை நாம் அடிவாரத்திலிருந்தும் கண்டிலேம்.

நாட்டு நலப்பணித் திட்டத்தை மாணவர் அனைவரும் அறிவர். காந்தியடிகள் நூற்றாண்டாகிய 1969-இற் செப்டம்பர் 24-ஆம் நாள் 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவருடன் அது தொடங்கப்பெற்றது. கொணார்க் சூரியன் கோயிலின் தேர்ச்சக்கரமே அதன் சின்னம். இரண்டாண்டில் 240 மணி நேரத் தொண்டும், ஒரு சிற்றூரில் ஏழு நாள் முகாமும் அதன் விதி. நம் கிளையினரும் அதனைப் பின்பற்றி மலைச் சிற்றூர் ஒன்றில் ஏழு நாள் தங்கினர். முதல் நாள் நோட்டுப் புத்தகம் வழங்கினோம். பள்ளிச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தோம். எல்லாவற்றையும் படமெடுத்துக் கைப்பேசியில் ஊருக்கு அனுப்பினோம். இரண்டாம் நாள் மாலை ஒரு மூதாட்டி என்னிடம் வந்து, "வாத்தியாரே, போன வருசமும் இப்படித்தான் வேற பிள்ளைங்க வந்து படம் புடிச்சாங்க. அந்தப் படத்துல நாங்க எப்படி இருக்கோம்னு ஒருத்தரும் காட்டலியே?" என்றார். யான் நாணித் தலைகுனிந்தேன். மாணவன் ஒருவன் தன் கைப்பேசியை நீட்டி அன்று எடுத்த படத்தைக் காட்டினான். அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, "பேரன் படிக்கிறானே, அவனுக்குச் சர்ட்டிபிகேட் வாங்கித் தர முடியுமா?" என்று கேட்டார்.

அங்கேதான் எங்கள் முகாமின் வேலை தொடங்கியது. பழங்குடியினர்க்குரிய சாதிச் சான்றிதழை அளிப்பவர் வட்டாட்சியர் அல்லர், கோட்டாட்சியர். விண்ணப்பம் இ-சேவை மையத்திற் கணினி வழியாகச் செல்லவேண்டும். பள்ளிச் சான்று, தந்தையின் சான்று, குடும்ப அட்டை ஆகியவற்றுள் ஒன்றில் பெயர் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் திரும்பி வந்துவிடும். விசாரணைக்கு மலையினின்று இறங்கி வருவதென்றால் ஒரு நாட்கூலி போயிற்று. அந்தச் சீட்டு இல்லாமையால் உதவித்தொகையும் கல்லூரி இடமும் இழந்தோர் உளர். மூதாட்டியின் பேரன் பெயர் ஓரிடத்தில் ஒற்று மிகுந்தும் மற்றோரிடத்தில் மிகாமலும் இருந்தது. என் வாழ்நாளில் வல்லினம் மிகும் இடம் ஒருவனுடைய பிழைப்பைத் தொட்டது அன்றுதான்! எஞ்சிய ஐந்து நாளும் மாணவர் வீடு வீடாகச் சென்று தாள்களைச் சரிபார்த்தனர். பதினொரு விண்ணப்பங்கள் ஆயின. சுண்ணாம்பு வாளியை அதன்பின் எவரும் தொடவில்லை.

முகாம் முடிந்து இறங்கியபின் பெரும்பாலோர் மறந்துவிட்டனர், அது இயல்பே. அந்த மூவர் மட்டும் விடவில்லை. ஒவ்வொரு மாதமும் இரண்டாம் சனிக்கிழமை மலையேறினர். இடைநாட்களிற் கோட்டாட்சியர் அலுவலகத்தில் விண்ணப்ப எண்ணைக் காட்டி விசாரித்தனர். பதினொன்றில் ஏழு கிடைத்தன. மூன்று திரும்பி வந்து மீண்டும் அனுப்பப்பட்டன. ஒன்று இன்னும் எங்கே இருக்கின்றதென்று விளங்கவில்லை. இம்மூவர் செல்வதைக் கண்டு அவர்தம் வகுப்புத் தோழர் இருவர் உடன் வந்தனர். அடுத்த மாதம் ஐவர். அதற்கடுத்த மாதம் மகளிர் கல்லூரியிலிருந்து நால்வர். எவர்க்கும் கயிறு கட்டவில்லை, விருந்து வைக்கவில்லை, பேருந்துக் கட்டணமும் அவரவர் கொடுத்தனர். காரியதரிசி அவர்கள் என்னிடம் வழி கேட்டார்களே, யான் கண்ட வழி இஃதொன்றே. ஆனால் ஒரு சங்கடம் உண்டு. பின்வந்தவருள் ஒரு பகுதியினரே நம் சமூகத்தார். மற்றையோர் எச்சமூகத்தார் என்று யான் கேட்டிலேன். நம் அங்கத்தினர் படிவத்திலோ அதுவே முதல் வினா.

ஆள் சேர்ப்போர் நாம் மட்டும் அல்லேம் என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும். மலையில் ஊறல் போடுகின்றவனும் ஆள் சேர்க்கின்றான்; சுமை தூக்கும் சிறுவனுக்கு அன்றாடம் கையிற் காசு தருகின்றான். செம்மரம் வெட்ட ஆந்திரத்திற்கு ஆளனுப்பும் தரகனும் சேர்க்கின்றான், முன்பணம் தருகின்றான். 2015 ஏப்ரல் 7-ஆம் நாள் சேஷாசலக் காட்டிற் காவலரின் குண்டுக்கு இரையான இருபதின்மரும் தமிழ்நாட்டிலிருந்து மரம் வெட்டச் சென்றோர். அவர்களுள் மலைவாழ் மக்களும் இருந்தனர். கீழே நகரத்திலோ வண்ணக் கயிறு கொடுத்துச் சேர்ப்போர் உளர். இவர்கள் எவரும் சேர்க்கை குறைந்துவிட்டதென்று கூட்டம் போட்டு வருந்துவதில்லை. பதினேழு வயதுப் பிள்ளையிடம் "உன்னால் எனக்கு ஒரு வேலை ஆகவேண்டும்" என்று சொல்லுகின்றவன் பின்னே அவன் போய்விடுகின்றான். நாமோ அவனிடம் "நீ இன்னார் மகன்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருக்கின்றோம். அதனை அவன் வீட்டிலேயே கேட்டுச் சலித்துவிட்டான்.

இனி எதிர்ப்பை வருவிக்கப்போகும் பகுதி. அந்த மூதாட்டியின் பேரன் பன்னிரண்டாம் வகுப்புத் தேறிக் கள்ளக்குறிச்சியிற் கல்லூரியிற் சேர இடம் பெற்றுள்ளான். மலையில் அவன் தங்கிப் படித்தது அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி. இங்கே தங்க இடமில்லை. நாள்தோறும் மலையேறி இறங்கிப் படிப்பது ஆகாத காரியம். நம் சங்க விடுதியில் நான்கு அறைகள் ஓராண்டாகப் பூட்டிக் கிடக்கின்றன. ஒன்றிற் பழைய பந்தற்கால்கள் உள்ளன. அவனுக்கு ஓர் அறை தரலாகாதா என்று யான் விண்ணப்பித்தேன். விதிப்படி நம் சமூகத்து மாணவர்க்கே விடுதி என்று விடை வந்தது. விதி அவ்வாறே உள்ளது; யான் மறுக்கவில்லை.

அவ்விதியை எழுதிய பெரியோரைக் குறைகூறவும் யான் துணியேன். அவர்கள் காலத்தில் நம் பிள்ளைகளுக்கு நகரத்தில் ஒருவரும் வாடகைக்கும் இடம் தந்திலர் என்று என் தந்தையார் கூறுவர். அடைபட்ட கதவின்முன் நின்றோர் தமக்கென ஒரு கதவு செய்துகொண்டனர். இன்று அக்கதவின் முன்னே ஒரு பையன் தகரப் பெட்டியுடன் நிற்கின்றான். திறவுகோல் நம் கையில் உள்ளது. "இன்று ஒருவன், நாளை பலர் வந்தால் நம் பிள்ளைகள் எங்கே போவார்கள்?" என்று ஒரு மூத்த அங்கத்தினர் கேட்டார். நியாயமான வினாவே. நம் பிள்ளைகளுக்கு இடம் போதாத நாள் வரின், அன்று கூடி ஆலோசிப்போம். இன்று போதாமலிருப்பது பிள்ளைகள், அறைகள் அல்ல. "உடனுண்ண நம் வீட்டார் ஒப்புவரோ?" என்று மற்றொருவர் கேட்டார். இதனை அம்மூன்று மாணவரிடமே கேட்டேன். "மலையில் அவங்க வீட்டுச் சாமைச் சோற்றை எத்தனையோ தரம் தின்னுட்டோம் ஐயா, இப்ப போய்க் கேட்டா என்ன பண்றது?" என்று சிரித்தனர்.

ஆகவே அடுத்த பொதுக்குழுவிற்கு யான் எழுத்து மூலமாக மூன்று பிரேரணைகள் அனுப்பியுள்ளேன். விடுதியிற் காலியாயிருக்கும் அறைகளிற் கல்வராயன் மலை மாணவர்க்கு முதலுரிமை தருதல். மாணவர் கிளையின் தொண்டுப் பிரிவில் எச்சமூக மாணவரும் அங்கத்தினராகலாம் என்று விதியைத் திருத்துதல். கைக்கயிறு, மோதிரம் முதலிய அடையாளங்களுக்குச் சங்கப் பணத்தில் ஒரு காசும் செலவிடாதிருத்தல் ஆகியன அவை. முன்மொழிந்தவன் யான். வழிமொழிய ஒருவர் வேண்டும். கருணாபுரத்தில் நமக்கு யார் இருக்கிறார்கள் என்று அன்று வினவிய அப்பெரியவரையே அணுகினேன். அவர் ஒப்பவும் இல்லை, மறுக்கவும் இல்லை. "அந்தப் பையனை ஒருநாள் என் வீட்டுக்கு அழைத்து வா, பார்க்கிறேன்" என்று மட்டும் கூறியிருக்கின்றார். வரும் ஞாயிற்றுக்கிழமை அழைத்துச் செல்கின்றேன்.

தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள்: மலைக்குச் செல்லும் பிள்ளைகளுக்குக் கட்டுச்சோறு சற்று மிகுதியாகக் கட்டித் தருக, அங்கே எவரும் தனியே உண்பதில்லை. மாணவர்க்கு ஓர் அறிவிப்பு: இரண்டாம் சனிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கள்ளக்குறிச்சிப் பேருந்து நிலையத்தில் வெள்ளிமலைப் பேருந்து நிற்குமிடத்திற் கூடுகின்றோம். பெயர் முன்கூட்டிக் கொடுக்கவேண்டியதில்லை. கறுப்பு மையுள்ள எழுதுகோல் ஒன்றும், பிழை பார்க்கும் கண்ணும் கொண்டு வருக. திரும்பி வந்த மூன்று விண்ணப்பங்களும் என் பையில் இருக்கின்றன.